விஎஸ் கோடில் குறுக்குவிசைகளை மாற்றுவதும் பழுது நீக்குவதும்: முழுமையான வழிகாட்டி

விஷுவல் ஸ்டுடியோ கோட் (விஎஸ் கோட்) என்ற நிரல் எழுதும் எடிட்டரில் ஒரு குறுக்குவிசையை மாற்ற அரை நிமிடம் போதும். மாற்றிய விசை ஏன் வேலை செய்யவில்லை என்று தேடுவதில்தான் பொழுது போய்விடுகிறது. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களின் பக்கத்தில் உட்கார்ந்து இதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அநேகமாக எல்லோரும் ஒரே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள்: அழுத்திய விசை எந்தக் கட்டத்தில் நின்றுபோகிறது என்று பார்க்காமலேயே 'இந்த விசைக்கு இந்தக் கட்டளை' என்று விதிக்கு மேல் விதியாக எழுதிக்கொண்டே போகிறார்கள். கடைசியில் எந்த விதி எதைச் செய்கிறது என்பது எழுதியவருக்கே தெரியாமல் போகிறது.

ஆகவே இந்த வழிகாட்டியில் வரிசைக்கு முதலிடம் கொடுத்திருக்கிறேன். விசைகளை விண்டோஸ், லினக்ஸ் வழக்கப்படி எழுதியுள்ளேன். மேக் பயன்படுத்துவோர் பெரும்பாலான இடங்களில் கண்ட்ரோலுக்குப் பதிலாகக் கமாண்ட் விசையை அழுத்த வேண்டும். திரையில் ஆங்கிலத்தில் தோன்றும் பெயர்களை இங்கே தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். தேடும்போது அவற்றை ஆங்கிலத்திலேயே தட்டச்சு செய்யுங்கள்.

1. தொடங்கும் முன்

முதலில் உங்கள் விதிக்கோப்பைப் பிரதி எடுத்து வையுங்கள். நீங்கள் செய்யும் மாற்றங்கள் அனைத்தும் 'கீபைண்டிங்ஸ்.ஜேசன்' என்ற ஒரே கோப்பில்தான் சேமிக்கப்படுகின்றன. விண்டோஸில் அது 'ஆப்டேட்டா' அடைவுக்குள் ரோமிங், கோடு, யூசர் என்ற வரிசையில் இருக்கும். லினக்ஸில் முகப்பு அடைவில் மறைந்திருக்கும் 'கான்ஃபிக்' அடைவுக்குள் கோடு, யூசர் என்று போக வேண்டும். ஒரு பிரதி கையில் இருந்தால் எந்தக் குழப்பத்திலிருந்தும் பத்து நொடியில் திரும்பி வந்துவிடலாம்.

அடுத்து, மாற்ற விரும்பும் விசைகளை ஒரு தாளில் எழுதுங்கள். ஒரே நாளில் ஐந்துக்கு மேல் வேண்டாம் என்பது என் கருத்து. விரல்கள் பழைய விசைக்குப் பழகியிருக்கும். இருபதை ஒன்றாக மாற்றினால் எது மாறியது, எது மாறவில்லை என்று ஒவ்வொரு முறையும் யோசிக்க வேண்டிவரும். அப்படி யோசித்து அழுத்தும் விசையால் நேரம் மிச்சமாகாது.

மூன்றாவது, நீங்கள் எந்த 'ப்ரொஃபைலில்' (தனியாகச் சேமித்த அமைப்புகளின் தொகுப்பில்) இருக்கிறீர்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள். ப்ரொஃபைல் ஒவ்வொன்றும் தனக்கென ஒரு விதிக்கோப்பை வைத்துக்கொள்ள முடியும். பைத்தானுக்கு ஒன்று, வலைத்தள வேலைக்கு ஒன்று என்று பிரித்து வைத்திருப்பவர்கள் ஒன்றில் மாற்றிவிட்டு மற்றொன்றில் தேடுவதுண்டு. அங்கே பழுது எதுவும் இல்லை, திறந்திருக்கும் கோப்புதான் வேறு.

2. அழுத்திய விசை போகும் வழி

இந்தப் பகுதியைப் படிக்காமல் அடுத்ததற்குப் போக வேண்டாம். பின்னால் வரும் பழுதுகளில் பெரும்பாலானவற்றுக்கு விடை இங்கேதான் இருக்கிறது.

நீங்கள் அழுத்தும் விசை முதலில் இயங்குதளத்தின் கையில் போய்ச் சேருகிறது. இயங்குதளமோ, மொழித் தட்டச்சுக் கருவியோ, பின்னணியில் ஓடும் வேறொரு செயலியோ அதைத் தனக்கென எடுத்துக்கொண்டால் விஎஸ் கோடுக்கு அப்படி ஒரு விசை அழுத்தப்பட்டதே தெரியாது. எடுத்துக்கொள்ளாமல் விட்டால்தான் அது விஎஸ் கோடின் விதிப்பட்டியலுக்கு வருகிறது.

அந்தப் பட்டியலில் மென்பொருளுடன் வரும் விதிகள் மேலே இருக்கும். நீட்சிகள் (விஎஸ் கோடில் நாமே நிறுவும் கூடுதல் வசதிகள்) சேர்த்த விதிகள் அவற்றுக்குக் கீழே. நீங்கள் எழுதியவை எல்லாவற்றுக்கும் அடியில். விஎஸ் கோட் இதைக் கீழிருந்து மேலாகப் படிக்கிறது. விசையும் பொருந்தி, எந்த நிலைமையில் இயங்கலாம் என்று சொல்லும் அந்த விதியின் நிபந்தனையும் பொருந்தும் முதல் விதி கிடைத்தவுடன் அதை இயக்கிவிட்டு நின்றுவிடுகிறது. அதற்கு மேலுள்ளவற்றைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

உங்கள் விதி அடியில் இருப்பதால்தான் அதற்கு முதல் வாய்ப்பு கிடைக்கிறது. ஆனால் அதன் நிபந்தனை பொருந்தாத நேரத்தில் மேலிருக்கும் பழைய விதி உயிர்பெற்றுவிடும். 'சில நேரம் வேலை செய்கிறது, சில நேரம் வேறு ஏதோ செய்கிறது' என்று வரும் புகார்களுக்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

3. பட்டியலைத் திறந்து, விசை காலியா என்று பாருங்கள்

கண்ட்ரோல்+கே அழுத்தி, தொடர்ந்து கண்ட்ரோல்+எஸ் அழுத்தினால் 'கீபோர்டு ஷார்ட்கட்ஸ்' பக்கம் திறக்கும். கட்டளை, விசை, நிபந்தனை, மூலம் என நான்கு நெடுவரிசைகள் அதில் இருக்கும். கடைசி நெடுவரிசையான மூலத்தை எப்போதும் கவனியுங்கள். அந்த விதி மென்பொருளுடன் வந்ததா, நீட்சி சேர்த்ததா, நீங்கள் சேர்த்ததா என்பதை அது சொல்லிவிடும்.

தேடல் பெட்டியின் வலப்பக்கத்தில் சிறிய விசைப்பலகைப் படம் ஒன்று இருக்கிறது. அதை அழுத்தினால் பெட்டி 'பதிவு' நிலைக்கு மாறும். இப்போது நீங்கள் பயன்படுத்த விரும்பும் விசைச்சேர்க்கையை நேராக அழுத்துங்கள். அதே விசையை ஏற்கெனவே வைத்திருக்கும் கட்டளைகள் மட்டும் பட்டியலில் நிற்கும்.

கட்டளையின் பெயரைத் தேடுவதற்கு முன்பே விசையைத் தேட வேண்டும். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: கட்டளையைப் பிடித்து, தோன்றிய விசையைக் கொடுத்துவிட்டு, அது வேறொரு முக்கியமான கட்டளையின் விசை என்பதை ஒரு வாரம் கழித்துக் கண்டுபிடிக்கிறார்கள்.

இதே கட்டத்தில் இன்னொரு தகவலும் கிடைக்கிறது. பதிவு நிலையில் நீங்கள் விசையை அழுத்தியும் பெட்டியில் எதுவுமே எழுதப்படவில்லை என்றால், அந்த விசை விஎஸ் கோடுக்கு வந்து சேரவில்லை. அப்படியானால் நேராக 8ஆம் பகுதிக்குப் போங்கள். இங்கே எத்தனை விதி எழுதினாலும் பயனில்லை.

4. முதல் மாற்றம்: ஓர் உதாரணத்தை முழுமையாக

கண்ட்ரோல்+டி அழுத்தினால் அந்த வரியைப் பிரதி எடுத்துக் கீழே வைக்கும் வழக்கத்தோடு வேறு எடிட்டர்களிலிருந்து வருபவர்கள் பலர். விஎஸ் கோடில் அதே விசை, தேர்ந்தெடுத்த சொல் அடுத்து வரும் இடத்தையும் தேர்வில் சேர்க்கும் வேலையைச் செய்கிறது. இதை மாற்றுவதையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம்.

தேடல் பெட்டியில் 'காப்பி லைன் டவுன்' என்று தேடுங்கள். அந்த வரிசையின் மீது வலச்சொடுக்கு செய்து 'சேஞ்ச் கீபைண்டிங்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். சிறு பெட்டி திறக்கும், கண்ட்ரோல்+டி அழுத்துங்கள். உடனே என்டர் தட்ட வேண்டாம். அந்தப் பெட்டியின் அடியில், இதே விசையை வைத்திருக்கும் கட்டளைகள் எத்தனை என்று ஒரு வரி தோன்றும். அதைப் படித்த பிறகே என்டர். மனம் மாறினால் எஸ்கேப்.

புதியவர்கள் அந்த வரியை எச்சரிக்கையாகப் பார்ப்பதில்லை, ஏனென்றால் அது உங்களைத் தடுப்பதில்லை. மோதல் இருந்தாலும் விஎஸ் கோட் உங்கள் விருப்பத்தை ஏற்றுக்கொள்ளும். மோதலைத் தீர்ப்பது உங்கள் பொறுப்பு.

இப்போது ஏதாவது ஒரு கோப்பைத் திறந்து சோதியுங்கள். கண்ட்ரோல்+டி வரியைப் பிரதி எடுக்கும். அடுத்து, படிக்க மட்டுமே அனுமதி உள்ள கோப்பு ஒன்றைத் திறந்து, ஒரு சொல்லின் மீது கர்சரை வைத்து அதே விசையை அழுத்துங்கள். பழைய கட்டளை ஓடி, அந்தச் சொல் தேர்வாகும். வரியைப் பிரதி எடுக்கும் விதிக்கு 'எழுதக்கூடிய கோப்பாக இருக்க வேண்டும்' என்ற நிபந்தனை இருக்கிறது; அது பொருந்தாதபோது மேலிருந்த பழைய விதிக்கு வாய்ப்பு போய்விட்டது. 2ஆம் பகுதியில் சொன்னதை இங்கே கண்ணால் பார்க்கலாம்.

ஆகவே மாற்றம் இன்னும் முடியவில்லை. பழைய கட்டளைக்கும் ஓர் இடம் கொடுங்கள். 'ஆட் செலக்‌ஷன் டு நெக்ஸ்ட் ஃபைண்ட் மேட்ச்' என்ற வரிசையைத் தேடி, அதற்கு ஆல்ட்+ஜே போன்ற வேறொரு விசையைக் கொடுங்கள். கொடுக்கும் முன் அது காலியாக இருக்கிறதா என்று பதிவு நிலையில் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தக் கட்டளையே தேவையில்லை என்றால் வலச்சொடுக்கில் 'ரிமூவ் கீபைண்டிங்' போதும். ஒரு விசையைப் பறித்தால், பறிகொடுத்த கட்டளையைப் பற்றியும் அப்போதே முடிவெடுத்துவிடுவது நல்லது; தள்ளிப்போட்ட முடிவுகள்தான் பின்னால் மர்மங்களாகின்றன.

5. விதிக்கோப்பை நேரடியாகத் திருத்துதல்

வரைகலைப் பக்கத்தில் செய்ய முடியாதவை சில உண்டு: கட்டளைக்குக் கூடுதல் விவரம் அனுப்புவது, ஒரே விசையில் பல கட்டளைகளை வரிசையாக ஓட்டுவது, விதிகளின் வரிசையை மாற்றுவது. இவற்றுக்குக் கோப்பையே திறக்க வேண்டும். கீபோர்டு ஷார்ட்கட்ஸ் பக்கத்தின் வலது மேல் மூலையில் கோப்புப் படம் ஒன்று இருக்கும், அதை அழுத்துங்கள்.

கோப்பு முழுவதும் ஒரு சதுர அடைப்புக்குறிக்குள் இருக்கும். ஒவ்வொரு விதியும் ஒரு நெளிவு அடைப்புக்குறி. அதற்குள் விசைக்குக் 'கீ', கட்டளைக்குக் 'கமாண்ட்', நிபந்தனைக்கு 'வென்', கூடுதல் விவரங்களுக்கு 'ஆர்க்ஸ்' என நான்கு பெயர்கள் வரலாம். முதல் இரண்டும் கட்டாயம், மற்றவை தேவைக்கேற்ப.

கட்டளையின் அடையாளப் பெயரைக் கையால் தட்டச்சு செய்யாதீர்கள். பட்டியலில் அந்தக் கட்டளை மீது வலச்சொடுக்கு செய்து 'காப்பி கமாண்ட் ஐடி' என்பதை அழுத்தி ஒட்டுங்கள். இந்தப் பெயர்கள் புள்ளிகளும் பெரிய எழுத்துகளும் கலந்தவை. ஓர் எழுத்து பிசகினாலும் நீங்கள் நினைத்த கட்டளை ஓடாது.

4ஆம் பகுதியின் மாற்றத்துக்குப் பிறகு கோப்பைத் திறந்தால், நீங்கள் எழுதாத ஒரு விதியும் அங்கே இருக்கும்: கட்டளைப் பெயரின் முன்னால் ஒரு கழித்தல் குறி. அதை யாரோ தவறாக எழுதிவிட்டதாக நினைத்து அழிப்பவர்கள் உண்டு. கழித்தல் குறிக்கு 'இந்தக் கட்டளையிடமிருந்து இந்த விசையை எடுத்துவிடு' என்று பொருள். அழித்தால் பழைய விசை மீண்டும் ஒட்டிக்கொள்ளும்.

பல கட்டளைகளை ஒரே விசையில் ஓட்ட 'ரன்கமாண்ட்ஸ்' என்ற கட்டளை இருக்கிறது. ஆர்க்ஸ் பகுதியில் 'கமாண்ட்ஸ்' என்ற பெயரில் கட்டளைகளின் பட்டியலைக் கொடுத்தால் அவை ஒன்றன்பின் ஒன்றாக ஓடும். கோப்பை ஒழுங்குபடுத்திச் சேமிப்பதை ஒரே விசையில் வைப்பது இதற்கு நல்ல தொடக்கம்.

கோப்பில் நேரும் பிழைகளில் நான் அதிகம் பார்த்தவை இரண்டு. ஒன்று, இரண்டு விதிகளுக்கு நடுவே காற்புள்ளியை விட்டுவிடுவது. மற்றொன்று, எழுத்துச் செயலியில் குறித்து வைத்த விதியை அப்படியே ஒட்டும்போது நேர் மேற்கோள் குறிகள் வளைந்த மேற்கோள் குறிகளாக மாறிப்போயிருப்பது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், ஆனால் இந்தக் கோப்பின் வடிவமான ஜேசன் வளைந்த குறியை ஏற்காது. கோப்பில் எங்காவது சிவப்பு நெளிகோடு தெரிந்தால் மேலே நகராதீர்கள். அதை முதலில் சரிசெய்யுங்கள். சேமித்தவுடன் விதிகள் நடைமுறைக்கு வந்துவிடும், மென்பொருளை மூடித் திறக்க வேண்டியதில்லை.

6. 'வென்' நிபந்தனை

குறுக்குவிசைகளில் ஆழமான விஷயம் இதுதான், ஆகவே இங்கே நிதானமாக இருங்கள். ஒரே விசை, எடிட்டரில் நிற்கும்போது ஒன்றும், பிழைதிருத்தும்போது வேறொன்றும் செய்ய வேண்டும் என்றால் நிபந்தனைதான் வழி.

நிபந்தனைகள் நிலைமையைக் குறிக்கும் பெயர்கள். கர்சர் எடிட்டரின் உரையில் நிற்கும்போது 'எடிட்டர்டெக்ஸ்ட்ஃபோகஸ்' உண்மையாகும். பிழைதிருத்தம் ஓடும்போது 'இன்டீபக்மோட்', டெர்மினலில் (கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் பகுதியில்) நிற்கும்போது 'டெர்மினல்ஃபோகஸ்', ஏதாவது உரை தேர்வாகியிருக்கும்போது 'எடிட்டர்ஹாஸ்செலக்‌ஷன்'. 'எடிட்டர்லாங்ஐடி' என்பதைக் கொண்டு பைத்தான் கோப்பில் மட்டும், கோ மொழிக் கோப்பில் மட்டும் என்று வரையறுக்கலாம். இரண்டும் வேண்டும் என்பதற்கு இரட்டை 'அண்ட்' குறி (&&), ஒன்று போதும் என்பதற்கு இரட்டைச் செங்குத்துக்கோடு (||), கூடாது என்பதற்கு முன்னால் வியப்புக்குறி.

வரைகலைப் பக்கத்தில் விசையை மாற்றினால் அந்தக் கட்டளைக்கு ஏற்கெனவே இருந்த நிபந்தனையும் கூடவே வரும். கையால் எழுதும்போதுதான் அதை மறந்துவிடுகிறார்கள். நிபந்தனை இல்லாத விதி எங்கே நின்றாலும் பொருந்தும்: நீங்கள் இடப்பக்கக் கோப்புப் பட்டியலில் நிற்கும்போது அழுத்தினாலும், தேடல் பெட்டியில் நிற்கும்போது அழுத்தினாலும் அந்தக் கட்டளை ஓட முயலும். வரியை நீக்கும் கட்டளைக்கு இப்படி விதி எழுதிய ஒருவர், தேடல் பெட்டியில் ஒரு சொல்லை அழிக்க நினைத்துத் திறந்திருந்த கோப்பின் வரியை இழந்தார்.

எந்த நிபந்தனை இப்போது உண்மை என்று ஊகிக்க வேண்டாம். கண்ட்ரோல்+ஷிஃப்ட்+பி அழுத்தி, கட்டளைகளைப் பெயரால் தேடி ஓட்டும் பெட்டியான கமாண்ட் பேலட்டில் 'டெவலப்பர்: இன்ஸ்பெக்ட் கான்டெக்ஸ்ட் கீஸ்' என்பதை ஓட்டி, சோதிக்க வேண்டிய இடத்தைச் சொடுக்குங்கள். அந்த இடத்துக்குரிய நிலைமைகள் அனைத்தும் டெவலப்பர் கருவிகளின் கன்சோலில் வந்து நிற்கும். உங்கள் விதியில் எழுதியதை அதனுடன் ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள்.

7. வேலை செய்யாத விசையைக் கண்டுபிடிக்கும் முறை

எதையும் மாற்றும் முன் கமாண்ட் பேலட்டில் 'டெவலப்பர்: டாகிள் கீபோர்டு ஷார்ட்கட்ஸ் ட்ரபிள்ஷூட்டிங்' என்பதை ஓட்டுங்கள். கீழே 'அவுட்புட்' பகுதி திறந்து, நீங்கள் அழுத்தும் ஒவ்வொரு விசைக்கும் சில வரிகளை எழுதத் தொடங்கும். இப்போது எடிட்டருக்குள் சொடுக்கி, பிரச்சினை தரும் விசையை ஒரே ஒரு முறை அழுத்துங்கள். பலமுறை அழுத்தினால் வரிகள் குவிந்து படிக்க முடியாமல் போகும்.

முதலில் பார்க்க வேண்டியது, விசை வந்ததா என்பது. கண்ட்ரோல், ஆல்ட் போன்ற துணைவிசைகள் மட்டும் பதிவாகி, கடைசி விசை பதிவாகவில்லை என்றால் வழியில் யாரோ அதை எடுத்துக்கொண்டுவிட்டார்கள். அடுத்த பகுதி அதற்கானது.

விசை வந்திருந்தால் 'ரிசால்விங்' என்று தொடங்கும் வரியைத் தேடி, அதற்குக் கீழே வரும் முடிவைப் படியுங்கள். மூன்றில் ஒன்று இருக்கும். 'நோ கீபைண்டிங் என்ட்ரீஸ்' என்றிருந்தால் அந்த விசைக்கு விதியே இல்லை. நீங்கள் எழுதியது வேறு ப்ரொஃபைலில் இருக்கலாம், விசையின் பெயரைத் தவறாக எழுதியிருக்கலாம். விதிகள் இருந்தும் நிபந்தனை எதுவும் பொருந்தவில்லை என்று சொன்னால் 6ஆம் பகுதிக்குத் திரும்புங்கள். ஒரு கட்டளை பொருந்தியது என்று சொல்லி, அது நீங்கள் நினைத்த கட்டளையாக இல்லாவிட்டால், அதே வரியில் அந்த விதியின் மூலமும் இருக்கும். அது ஒரு நீட்சியின் விதியா, நீங்களே முன்பு எழுதி மறந்த விதியா என்று அங்கேயே தெரிந்துவிடும்.

வேலை முடிந்ததும் அதே கட்டளையை மறுபடி ஓட்டி இந்தப் பதிவை நிறுத்துங்கள். அது ஓடும் வரை நீங்கள் அழுத்தும் விசைகள் கோப்பில் எழுதப்படுகின்றன. அந்த நேரத்தில் கடவுச்சொல் எதையும் தட்டச்சு செய்யக் கூடாது.

8. இயங்குதளமும் தமிழ்த் தட்டச்சும் எடுத்துக்கொள்ளும் விசைகள்

தமிழிலும் ஆங்கிலத்திலும் மாறி மாறி எழுதுபவர்களின் கணினியில் இது மிக அதிகம். ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர்கள் எழுதிய உதவிக் குறிப்புகளில் இதைக் காண முடிவதில்லை, ஆகவே சற்று விரிவாகவே சொல்கிறேன்.

உபுண்டு போன்ற லினக்ஸில் தமிழ் எழுத ஐபஸ் பயன்படுத்துபவர்கள், விஎஸ் கோடில் கண்ட்ரோலுடன் புள்ளியை அழுத்தி விரைவுத் திருத்தத்தைக் கேட்டால் அது வராமல், கர்சர் இருக்கும் இடத்தில் அடிக்கோடிட்ட ஆங்கில 'இ' எழுத்து ஒன்று தோன்றுவதைப் பார்க்கலாம். அது ஐபஸின் எமோஜி உள்ளீட்டு நிலை. ஐபஸின் பழைய பதிப்புகளில் இதே வேலைக்குக் கண்ட்ரோல்+ஷிஃப்ட்+இ இருந்ததால், விஎஸ் கோடில் கோப்புப் பட்டியலுக்குப் போகும் விசை அடிபட்டது. டெர்மினலில் 'ஐபஸ்-செட்டப்' என்ற நிரலை ஓட்டி, எமோஜி பகுதிக்குப் போய், அங்குள்ள குறுக்குவிசையை நீக்குங்கள். விஎஸ் கோடில் எதையும் தொட வேண்டியதில்லை.

விண்டோஸில் ஒன்றுக்கு மேற்பட்ட மொழிகளைச் சேர்த்தவுடன் இடது ஆல்ட்+ஷிஃப்ட் மொழி மாற்றும் விசையாகிவிடுகிறது. கோப்பை ஒழுங்குபடுத்தும் ஷிஃப்ட்+ஆல்ட்+எஃப், வரியைப் பிரதி எடுக்கும் ஷிஃப்ட்+ஆல்ட்+கீழ் அம்பு ஆகிய இரண்டும் இதே விசைகளில்தான் தொடங்குகின்றன. இரண்டு துணைவிசைகளையும் அழுத்திவிட்டு மூன்றாவதைத் தொடாமல் கையை எடுத்தால் மொழி மாறிவிடும். அடுத்து எழுதும் மாறியின் பெயர் தமிழில் வந்து விழும். அமைப்புகளில் மேம்பட்ட விசைப்பலகை அமைப்புகளைத் திறந்து, உள்ளீட்டு மொழிகளுக்கான விசையை 'நாட் அசைண்ட்' என்று மாற்றிவிடுங்கள். மொழி மாற்ற விண்டோஸ் விசை+ஸ்பேஸ் இருக்கிறது, அது போதும்.

மேக்கில் இரண்டாவது விசைப்பலகையாகத் தமிழைச் சேர்த்தால் கண்ட்ரோல்+ஸ்பேஸ் உள்ளீட்டு மூலத்தை மாற்றும் விசையாகிவிடும். விஎஸ் கோடில் பரிந்துரைப் பட்டியலை வரவழைப்பதும் அதே விசைதான். கணினி அமைப்புகளில் கீபோர்டு, கீபோர்டு ஷார்ட்கட்ஸ், இன்புட் சோர்சஸ் என்ற வழியில் போய் அதன் தேர்வை நீக்குங்கள்.

ஆல்ட்டுடன் எண் விசையைக் கொண்டு தமிழ்த் தளவமைப்பை மாற்றும் தட்டச்சுக் கருவிகளும் உண்டு. விஎஸ் கோடில் ஆல்ட்+1 முதல் திறந்திருக்கும் தாவல்களுக்குப் போகும் விசைகளாக இருப்பதால் இங்கேயும் மோதல் வரும். தட்டச்சுக் கருவியின் விசையை மாற்றுவதே நல்லது என்பேன். அதை ஓர் இடத்தில் மாற்றினால் எல்லாச் செயலிகளுக்கும் பொருந்தும்.

விம் என்ற எடிட்டரின் விசைகளை விஎஸ் கோடில் தரும் விம் நீட்சியைப் பயன்படுத்துபவர்கள் தமிழ்த் தளவமைப்பு இயங்கும்போது, எழுத்துகளே கட்டளைகளாகும் சாதாரண நிலைக்குத் திரும்பினால், கட்டளை எழுத்துகளுக்குப் பதில் தமிழ் எழுத்துகள் போய்ச் சேரும். எஸ்கேப் அழுத்தியதும் ஆங்கிலத்துக்கு மாறும் பழக்கத்தை விரலுக்குக் கொடுப்பதுதான் எளிய தீர்வு.

விசைப்பலகைத் தளவமைப்பு மாறும்போது நிறுத்தற்குறி விசைகள் இடம் மாறுவது இன்னொரு தொல்லை. ஜெர்மன் விசைப்பலகையில் சாய்கோட்டை எழுத ஷிஃப்ட்+7 அழுத்த வேண்டும். இத்தகைய விசைகளுக்கு விதி எழுதும்போது அந்த விசையின் இடப்பெயரைச் சதுர அடைப்புக்குறிக்குள் எழுதினால், தளவமைப்பு எதுவானாலும் அதே இடத்தில் உள்ள விசையே இயங்கும். லினக்ஸில் விசைகள் மொத்தமாகவே இடம் மாறித் தெரிந்தால், அமைப்புகளில் 'கீபோர்டு.டிஸ்பேட்ச்' என்பதைக் 'கீகோடு' என்று மாற்றி, விஎஸ் கோடை மூடித் திறந்து பாருங்கள்.

மொழிக்குத் தொடர்பில்லாதவை சில: கண்ட்ரோல்+ஆல்ட்+அம்பு விசைகளைச் சில வரைகலை இயக்கிகள் திரையைச் சுழற்றவும், லினக்ஸ் மேசைச்சூழல்கள் பணியிடம் மாற்றவும் எடுத்துக்கொள்ளும். மேக்கில் எஃப்11 மேசைத்தளத்தைக் காட்டும். விஎஸ் கோடில் அது பிழைதிருத்தத்தின்போது செயற்கூற்றுக்குள் நுழையும் விசை. மடிக்கணினியில் எஃப் விசைகள் ஒலியையும் ஒளியையும் கூட்டிக் குறைத்தால் எஃப்என் விசையைப் பூட்டும் வழியைத் தேடுங்கள். உலாவியில் விஎஸ் கோடைத் திறந்து வேலை செய்பவர்கள், கண்ட்ரோல்+டபிள்யூ போன்றவை உலாவிக்கே சொந்தம் என்று ஏற்றுக்கொள்ள வேண்டும். ஃபயர்ஃபாக்ஸில் கண்ட்ரோல்+ஷிஃப்ட்+பி தனிமைச் சாளரத்தைத் திறக்கும் என்பதால் கமாண்ட் பேலட்டுக்கு எஃப்1 பயன்படுத்துங்கள்.

9. இரட்டை விசைகளும் டெர்மினலும்

கண்ட்ரோல்+கே அழுத்தியதும் விஎஸ் கோட் இரண்டாவது விசைக்காகக் காத்திருக்கும். கீழ்ப்பட்டையில் அதற்கான செய்தியும் தோன்றும். ஆகவே கண்ட்ரோல்+கே என்பதை மட்டும் தனியாக ஒரு கட்டளைக்குக் கொடுக்காதீர்கள். கொடுத்தால் கண்ட்ரோல்+கே என்று தொடங்கும் அத்தனை இரட்டை விசைகளும் ஒரே நேரத்தில் இயங்காமல் போகும். புது விசை வேண்டுமென்றால் அந்த முன்னொட்டையே பயன்படுத்தி, இரண்டாவது விசையில் காலியிடம் தேடுவது பாதுகாப்பானது.

இதே காத்திருப்புதான் டெர்மினலில் தொல்லையாகிறது. டெர்மினலில் நம் கட்டளைகளை வாங்கி இயக்குவது ஷெல், பாஷ் அதில் ஒரு வகை. பாஷில் கண்ட்ரோல்+கே கர்சருக்குப் பின்னுள்ள எழுத்துகளை அழிக்கும். விஎஸ் கோடின் டெர்மினலில் அது நடக்காமல் காத்திருப்புச் செய்தி வரும். அமைப்புகளில் 'டெர்மினல் இன்டகிரேட்டட் அலவ் கார்ட்ஸ்' என்பதை அணைத்தால் விசை ஷெல்லுக்குப் போய்விடும்.

கண்ட்ரோல்+இ கதை வேறு. பாஷில் வரியின் முடிவுக்குப் போக வேண்டிய அந்த விசை, விஎஸ் கோடில் கோப்புத் தேடலைத் திறக்கிறது. ஷெல்லுக்குத் தராமல் தானே வைத்துக்கொள்ள வேண்டிய கட்டளைகளின் பட்டியல் ஒன்றை விஎஸ் கோட் வைத்திருக்கிறது. 'கமாண்ட்ஸ் டு ஸ்கிப் ஷெல்' என்று அமைப்புகளில் தேடுங்கள். அந்தப் பட்டியலில் கோப்புத் தேடல் கட்டளையின் அடையாளப் பெயரை முன்னால் கழித்தல் குறியோடு சேர்த்தால் அது விலக்கப்படும்.

10. நீட்சிகளின் தலையீடு

7ஆம் பகுதியில் சொன்ன அவுட்புட் பதிவில் ஒரு நீட்சியின் பெயர் தெளிவாக வந்துவிட்டால், கீபோர்டு ஷார்ட்கட்ஸ் பக்கத்தில் அந்த விதியை மட்டும் நீக்குங்கள். நீட்சியையே அகற்ற வேண்டியதில்லை. விம் நீட்சிக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு: கண்ட்ரோல் விசைகளில் எவற்றைத் தானே கையாள வேண்டும் என்பதற்கு அதற்கெனத் தனி அமைப்பு இருக்கிறது. 'விம் ஹேண்டில் கீஸ்' என்று தேடி, வேண்டாத விசையை அங்கே 'ஃபால்ஸ்' ஆக்குங்கள்.

எந்த நீட்சி என்று தெரியாதபோது கமாண்ட் பேலட்டில் 'ஹெல்ப்: ஸ்டார்ட் எக்ஸ்டென்ஷன் பைசெக்ட்' இருக்கிறது. நீட்சிகளில் பாதியை அணைத்துவிட்டு, பிரச்சினை இன்னும் இருக்கிறதா என்று கேட்கும். நீங்கள் சொல்லும் பதிலை வைத்து மீதியை மறுபடி பாதியாக்கும். நாற்பது நீட்சிகள் இருந்தாலும் ஆறு சுற்றுகளில் ஒன்றில் வந்து நிற்கும். ஒவ்வொரு சுற்றிலும் ஒரே கோப்பில், ஒரே இடத்தில், ஒரே விசையைச் சோதியுங்கள். இடம் மாறினால் நிபந்தனை மாறும், பதில் பிழையாகும்.

11. வேறு கணினிக்குக் கொண்டுபோகும்போது

அமைப்புகளைக் கணினிகளுக்கிடையே ஒத்திசைக்கும் 'செட்டிங்ஸ் சிங்க்' வசதியை இயக்கியிருந்தாலும், விண்டோஸில் மாற்றிய விசைகள் லினக்ஸ் கணினியில் தானாக வராது. இயங்குதளத்துக்கு இயங்குதளம் விசைகள் வேறுபடுவதால், குறுக்குவிசைகளை ஒவ்வொன்றுக்கும் தனியாகச் சேமிப்பதே அதன் இயல்பு நிலை. கோப்பை ஒழுங்குபடுத்த விண்டோஸில் ஷிஃப்ட்+ஆல்ட்+எஃப், லினக்ஸில் கண்ட்ரோல்+ஷிஃப்ட்+ஐ என்பதிலிருந்தே இதன் நியாயம் புரியும்.

இரண்டுக்கும் ஒரே விதிகள் வேண்டும் என்றால் 'கீபைண்டிங்ஸ் பெர் பிளாட்ஃபார்ம்' என்ற அமைப்பை அணைக்கலாம். அணைக்கும் முன் இரண்டு கணினிகளிலும் விதிக்கோப்பைப் பிரதி எடுங்கள். அணைத்த பிறகு புதுக் கணினியில் உங்கள் விசைகளை ஒவ்வொன்றாகப் பதிவு நிலையில் அழுத்திப் பாருங்கள். அங்குள்ள இயங்குதளம் எடுத்துக்கொள்ளும் விசைகள் வேறாக இருக்கும்.